யாரைக் கேட்டார்கள்?

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 44.9 சதவீதம் சிசேரியன் மூலம் பிறக்கின்றன என்கிறது 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. இப்படி ஓர் எண் செய்தித்தாளில் வந்தால் உடனே எழும் கேள்வி: "எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, எங்கள் தெருவுக்கே வரவில்லை, இவர்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் தமிழ்நாடு முழுவதிலும் தகவல் பெறப்பட்ட வீடுகள் 27,929. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இருந்த குடும்பங்கள் சுமார் 1.85 கோடி. ஏறக்குறைய 660 குடும்பங்களுக்கு ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். மற்ற 659 குடும்பங்களுக்கும் சேர்த்துப் பேசும் உரிமை அந்த ஒன்றுக்கு எங்கிருந்து வந்தது?

தேர்ந்தெடுத்த முறையிலிருந்து வந்தது. இதை அதே ஆய்வின் எண்களை வைத்தே பார்க்கலாம். அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சிசேரியன் சுமார் 36 சதவீதம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாநிலமும் அதே, கேள்வியும் அதே. ஆனால் ஆய்வாளர் எந்த வாசலில் நின்றார் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிவிடுகிறது. தனியார் மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்து ஒரு லட்சம் தாய்மார்களைக் கேட்டிருந்தாலும் தவறு குறைந்திருக்காது. தவறான எண்ணை இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்போம், அவ்வளவுதான்.

ஆய்வு என்றதும் நாம் முதலில் கேட்பது "எத்தனை பேர்?" என்று. அதற்கு முன் கேட்க வேண்டியது "எப்படிப் பொறுக்கினார்கள்?" என்பது.

யாரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அந்த மொத்தக் கூட்டத்தையும் புள்ளியியலில் முழுமைத்தொகுதி என்பார்கள். அதிலிருந்து நாம் உண்மையில் அணுகும் சிலர்தான் மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டியல் வேண்டும்: வாக்காளர் பட்டியல், கிராமங்களின் பட்டியல், கல்லூரியின் வருகைப் பதிவேடு என ஏதோ ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரிக்குள் வர வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அது நிகழ்தகவு மாதிரி. சிலரிடமிருந்து பலரைப் பற்றிச் சொல்லவும், சொன்னதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணக்கிடவும் இதுதான் அடிப்படை. பட்டியலிலேயே இல்லாதவரை எந்தச் சூத்திரமும் மீட்டுக் கொண்டுவராது.

எண்ணிக்கையை நம்பிக் கெட்ட கதைகளில் புகழ்பெற்றது 1936ல் அமெரிக்காவில் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. ஆல்ஃப் லேண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. தேர்தலில் வென்றவர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட், அதுவும் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன். லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகளைப் பெருமளவு தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார் பதிவுப் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்: சீட்டைப் பெற்றவர்களில் நான்கில் ஒருவர்தான் பதில் அனுப்பினார், அப்படி மெனக்கெட்டு அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மீது அதிருப்தி கொண்டவர்கள் அதிகம்.

அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னவர் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப். அவர் பயன்படுத்தியது ஒதுக்கீட்டு முறை. ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், இந்த வயதினர் இத்தனை பேர் என்று கள ஆய்வாளருக்குக் கணக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்குக்குள் யாரைப் பிடிப்பது என்பது ஆய்வாளரின் விருப்பம். இந்த முறை 1948 அதிபர் தேர்தலில் காலை வாரியது. டூயி வெல்வார் என்றார் கேலப், ட்ரூமன் வென்றார். கடைசி வாரங்களில் கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டதும் ஒரு காரணம். ஆனாலும் அதற்குப் பிறகு நிபுணர்களின் பார்வை ஒதுக்கீட்டு முறையின் அடிப்படைக் குறையின் மேல் விழுந்தது. மேலே கணக்கு எவ்வளவு கறாராக இருந்தாலும், அடியில் மனிதர் தன் விருப்பப்படி பொறுக்கினால் வசதியான தெருவும் சிரித்த முகமும்தான் மாதிரிக்குள் வரும்.

ஆக, தேர்வை மனிதர் கையில் விடக்கூடாது. குலுக்கல் கையில் விட வேண்டும். எளிய சமவாய்ப்பு முறை என்பது இதுதான்: பட்டியலில் எல்லாருக்கும் எண் கொடுத்து, சமவாய்ப்பு எண்களை வைத்து வேண்டிய அளவு எடுப்பது. ஒரு காலத்தில் இதற்கென்றே எண் அட்டவணைகள் அச்சிட்டு விற்றார்கள். டிப்பெட் என்ற ஆங்கிலேயர் 1927ல் வெளியிட்ட அட்டவணை அவற்றுள் முன்னோடி. இன்று கைபேசியே அதைச் செய்துவிடும். முறை எளிதுதான், பட்டியல் கிடைப்பதுதான் கடினம். 1.85 கோடிக் குடும்பங்களின் பெயரும் முகவரியும் அடங்கிய புத்தம்புதுப் பட்டியல் எவரிடமும் இல்லை. இருந்தாலும், அதிலிருந்து குலுக்கி எடுத்த வீடுகள் ஒன்று வால்பாறையிலும் அடுத்தது வேதாரண்யத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். பேருந்துச் செலவிலேயே ஆய்வுப் பணம் தீர்ந்துவிடும்.

அதனால்தான் பெரிய ஆய்வுகள் படிப்படியாக இறங்குகின்றன. குடும்ப நல ஆய்வு எப்படி இறங்கியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. முதலில் ஒவ்வொரு மாவட்டத்தையும் கிராமப்புறம், நகர்ப்புறம் என்று பிரித்தார்கள். இப்படி ஒத்த தன்மையுள்ள பிரிவுகளாக வகுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக எடுப்பது படுகை முறை. இதனால் எந்த மாவட்டமும் குலுக்கலில் விடுபடாது. அடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் 2011 கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து சில கிராமங்களையும் நகர்ப்புறக் கணக்கெடுப்புத் தொகுதிகளையும் எடுத்தார்கள். இங்கே எல்லாக் கிராமத்துக்கும் ஒரே வாய்ப்பு கிடையாது; பெரிய கிராமத்துக்குக் கூடுதல் வாய்ப்பு. 250 வீடுகள் உள்ள ஊருக்கு, 50 வீடுகள் உள்ள ஊரைப்போல் ஐந்து மடங்கு வாய்ப்பு. அது அநியாயமாகத் தோன்றும். ஆனால் எந்த ஊர் வந்தாலும் அதில் எடுப்பது 22 வீடுகள்தான். பெரிய ஊரில் 250க்கு 22, அதாவது 8.8 சதவீதம். சின்ன ஊரில் 50க்கு 22, அதாவது 44 சதவீதம். ஊர் தேர்வாவதில் ஐந்து மடங்கு குறைந்த வாய்ப்பு, வீடு தேர்வாவதில் ஐந்து மடங்கு கூடிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் பெரிய ஊர்க் குடும்பத்துக்கும் சின்ன ஊர்க் குடும்பத்துக்கும் ஒரே வாய்ப்பு.

கிராமம் தேர்வானதும் ஆய்வுக் குழு நேராகக் கேள்வித்தாளுடன் போய்விடாது. முதலில் ஒரு குழு போய் அந்த ஊரின் வரைபடம் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் பட்டியலிடும். பழைய கணக்கெடுப்புக்குப் பிறகு முளைத்த வீடுகள் இப்படித்தான் உள்ளே வருகின்றன. பட்டியலில் 176 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 வேண்டும் என்றால் எட்டு வீட்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறோம், ஐந்து வருகிறது. 5, 13, 21 என்று எட்டெட்டாகத் தாண்டிப் போனால் 173ல் முடியும், சரியாக 22 வீடுகள். இதுவே முறைசார்ந்த மாதிரி. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. மாடிக்கு எட்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் எட்டெட்டாகத் தாண்டினால், எல்லா மாடியிலும் ஒரே மூலை வீட்டுக்குத்தான் போய் நிற்போம்.

இந்த ஆய்வின் விதிகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது ஒன்று: தேர்வான வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டை எடுக்கக் கூடாது. பூட்டியிருந்தால் திரும்ப வர வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதே என்று நுழைந்தால் என்ன ஆகும்? பகலில் பூட்டிக் கிடப்பது கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு, செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போன குடும்பத்தின் வீடு. திறந்திருப்பது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க முடிந்த குடும்பம். மாற்று வீடு எடுக்க எடுக்க, உழைத்து ஓயாதவர்கள் கணக்கிலிருந்து நழுவிக்கொண்டே போவார்கள்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதும் தேர்வுதான். கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டால், வீட்டிலேயே இருப்பவரின் கருத்துதான் வரும். வீட்டிலுள்ள பெரியவர்களை வயதுவாரியாக எழுதி, முன்கூட்டியே குலுக்கி வைத்த அட்டவணையைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழியை 1949ல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் வகுத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் பயன்படுகிறது.

தெருவிலும் இதே சிக்கல். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்ததா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு: 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள், மொத்தம் 210. ஊர் நடுவில் நின்று ஒரு பாட்டிலைச் சுழற்றுவார்கள். அது காட்டும் திசையில் ஒரு வீட்டைக் குலுக்கலில் பிடித்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளாகப் போவார்கள். பட்டியல் இல்லாத இடத்தில் விரைவாக வேலை முடியும். ஆனால் ஊர் நடுவே உள்ள வீடுகளுக்குக் கூடுதல் வாய்ப்பு போய்விடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஊர் நடு என்பது பெரும்பாலும் கோயில் தெருவும் கடைத்தெருவும். தலித் மக்களின் குடியிருப்பு ஊரைத் தாண்டி, சில இடங்களில் வயலையும் வாய்க்காலையும் தாண்டித் தள்ளி இருக்கிறது. கோயில் வாசலிலிருந்து வீடு வீடாகப் போகும் ஆய்வு, காலனிக்குப் போய்ச் சேரும் முன்னரே தேவையான எண்ணிக்கையை எட்டிவிடும். "இந்தக் கிராமத்தில் குடிநீர்ப் பிரச்சினை இல்லை" என்று அறிக்கையும் வந்துவிடும். தேர்வு முறையில் நேரும் சின்னக் கவனக்குறைவு, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை இரண்டாம் முறையும் ஒதுக்கிவிடுகிறது. பாட்டில் சுழற்றுவதை விட்டுவிட்டு முறையான வீட்டுப் பட்டியலுக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே தன் பிந்தைய கையேட்டில் சொல்லிவிட்டது. குடும்ப நல ஆய்வில் கிராமங்களைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர் விகிதப்படி பிரித்துக்கொண்டு பிறகு எடுப்பதும், எல்லா வகைக் கிராமங்களும் உள்ளே வர வேண்டும் என்பதற்காகவே.

அந்த 210 என்ற எண்ணிலும் ஒரு பாடம் உண்டு. பத்துப் புள்ளி ஏற்ற இறக்கத்துக்குள் விடை வேண்டுமானால், தனித்தனியே குலுக்கி எடுத்த 96 பேர் போதும். ஆனால் ஒரே தெருவில் எடுக்கும் ஏழு குழந்தைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பார்கள். ஒரே செவிலியர் வந்து ஊசி போட்ட தெரு, அல்லது எவருமே வராத தெரு. ஏழு பேரைக் கேட்டாலும் ஏழு பேரின் புதுத் தகவல் கிடைப்பதில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட 96ஐ இரட்டிப்பாக்கி, கொஞ்சம் கூட்டினார்கள்.

இந்தியாவில் இந்தக் கலையை நிலைநிறுத்தியவர் பி.சி. மஹலநோபிஸ். கல்கத்தாவில் 1931ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1950ல் தேசிய மாதிரி ஆய்வு பிறக்கக் காரணமானவர். முப்பதுகளின் இறுதியில் வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிராகியிருக்கிறது என்று மாதிரி முறையில் கணக்கிட்டார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளுடன் அனுப்பி, இருவர் விடையையும் ஒப்பிடும் உத்தி அவருடையது. விடைகள் வெகுவாக விலகினால் எங்கோ களத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

அந்த வழிவந்த பயிர் அறுவடைச் சோதனை இன்று டெல்டா விவசாயியின் காப்பீட்டுத் தொகையையே முடிவு செய்கிறது. நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் துண்டு ஒன்றை அளந்து, அறுத்து, அடித்து எடை போடுகிறார்கள். வயலில் எந்தத் துண்டு என்பதை அலுவலர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண்கள் இரண்டை எடுத்து, நீளவாக்கில் இவ்வளவு, அகலவாக்கில் இவ்வளவு என்று அளந்து போக வேண்டும். செழித்த துண்டாகப் பார்த்து அறுத்தால் மகசூல் கூடிக் காட்டும், இழப்பீடு குறையும். சாய்ந்த துண்டாக அறுத்தால் மறுபக்கம் பிழை. அறுவடைச் சோதனை நடக்கும் வயலில் விவசாயிகள் நிற்பதும், அந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்பதும் மிகவும் சரி.

தாமாக வருபவர்களை மட்டும் எண்ணினால் எவ்வளவு விடுபடும் என்பதை 2020 கொரோனாக் காலம் காட்டியது. மே தொடக்கத்தில் நாட்டில் பரிசோதனையில் உறுதியான தொற்றுகள் சில பத்தாயிரங்கள்தான். பரிசோதனைக்கு வந்தவர்கள் அறிகுறி உள்ளவர்கள், நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்கள். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் முக்கியப் பங்கேற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 70 மாவட்டங்களில் குலுக்கல் முறையில் இடங்களையும் வீடுகளையும் எடுத்து 28,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் 64 லட்சம் பேர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மருந்து ஆய்வுகளில் சொல்லப்படும் குலுக்கல் வேறு. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நகரத்தின் ஏழை நோயாளிகள் சுமார் 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலேயும் மறு பாதிக்குச் சானடோரியத்திலும் சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு நல்லது என்று 1959ல் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. அந்த நோயாளிகள் இந்தியாவிலிருந்து குலுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர், மையத்துக்கு வந்தவர்கள். அங்கே குலுக்கல் செய்த வேலை, ஒப்பிடும் இரு குழுக்களையும் சமமாக்கியது. யாரை ஆய்வுக்குள் எடுப்பது என்பது ஒன்று, எடுத்தவர்களை எப்படிப் பிரிப்பது என்பது மற்றொன்று.

குலுக்கலுக்கு இடமே இல்லாத ஆய்வுகளும் உண்டு. மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்கள், ஆவணமின்றி வேலை செய்யும் வெளிமாநிலப் பிள்ளைகள், தங்கள் அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்தவர்கள் ஆகியோருக்குப் பட்டியல் கிடையாது. ஒருவரைக் கண்டு, அவர் வழியாக இன்னொருவர், அவர் வழியாக மற்றொருவர் என்று தொடரும் சங்கிலி முறைதான் அங்கே வழி. பலரை அறிந்தவர் எளிதில் மாதிரிக்குள் வந்துவிடுவார் என்பதால், அதைச் சரிக்கட்டும் கணக்கு முறை ஒன்றை 1997ல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் முன்வைத்தார். ஆழமாகப் பேசி அனுபவத்தை அறியும் ஆய்வுக்கு, விவரம் அறிந்தவர்களை நோக்கத்தோடு தேர்ந்தெடுப்பதும் முற்றிலும் முறையானதே. இருபது பேரிடம் மணிக்கணக்கில் பேசிக் கிடைப்பதை இரண்டாயிரம் கேள்வித்தாள் தராது. அவற்றிலிருந்து "தமிழ்நாட்டில் 65 சதவீதம் பேர்" என்று மட்டும் எழுதக் கூடாது.

நம் கல்லூரி ஆய்வேடுகளில் என்னை வருந்தச் செய்வது இந்த இடம்தான். தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் சுற்றுக்கு விடுகிறார்கள். பதில் போட்டவர்களை எண்ணிவிட்டு, "சமவாய்ப்பு முறையில் 384 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று எழுதுகிறார்கள். அந்த 384 எங்கிருந்து வருகிறது? கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து. 95 சதவீத நம்பிக்கையோடு, ஐந்து புள்ளி ஏற்ற இறக்கத்துக்குள் விடை வேண்டுமானால் 384 பேர் போதும் என்பது கணக்கு. முழுமைத்தொகுதி பத்து லட்சமானாலும் பத்துக் கோடியானாலும் இந்த எண் ஏறக்குறைய மாறாது. பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதும் அதே கணக்கு சொல்வது. ஆனால் இவை அனைத்தும் குலுக்கி எடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். கைக்கு அகப்பட்டவர்களை 384 பேர் சேர்ப்பதால் அது சமவாய்ப்பு மாதிரி ஆகிவிடாது. வசதிக்கேற்ற மாதிரி என்று அதற்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை. முதற்கட்ட ஆய்வுக்கும், கேள்வித்தாளைச் சோதித்துப் பார்ப்பதற்கும் அது பயன்படும். தொழில்முறை ஆய்வாளர்களும் இந்தக் குறைக்கு விலக்கல்லர். உளவியல் ஆய்விதழ்களில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள பணக்கார மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010ல் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். "மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்" என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதில் பெரும்பகுதி அவர்களைக் கேட்டு எழுதியது.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் கேட்பது இதுதான். எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள், எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், யாரை உங்களால் எட்டவே முடியவில்லை என்பதை ஒரு பக்கம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். அந்தப் பக்கம் உள்ள ஆய்வேட்டில் மாதிரி சிறிதாக இருந்தாலும் அதை நம்பிப் படிக்கலாம். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு ஆய்வுக்காக வீடு தேடி வருபவரிடம் அடையாள அட்டையும் கடிதமும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அவை சரியாக இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்கி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குடும்ப நல ஆய்வு என்றால், விதிப்படி உங்கள் வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டை அவர் எடுக்க முடியாது.